ஈவுத்தொகை எங்கிருந்து வருகிறது?

முதுமை எல்லோருக்கும் வரும். மாளிகைவாசிக்கும் வரும், மண்குடிசைவாசிக்கும் வரும். ஆலை முதலாளிக்கும் வரும். ஆலையிலே நூல் நூற்றுக் கண் மங்கிப்போன தொழிலாளிக்கும் வரும். இப்படி வரும் என்பது உறுதியாகத் தெரிந்த ஒன்றை வைத்து வாணிபம் நடத்தினால் நட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கணக்குப் போட்டவர்கள் உலகிலே உண்டு. முதியோர் இல்லப் பங்குகளும் மருத்துவமனைப் பங்குகளும் அந்தக் கணக்கிலே விளைந்தவைதாம்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். டொரண்டோ பங்குச் சந்தையிலே எக்ஸ்டெண்டிகேர், சியன்னா, சார்ட்வெல் என்று மூன்று பெயர்கள் உண்டு. மூன்றும் முதியோருக்கான இல்லங்களை நடத்திப் பெயர் பெற்றவை. மூன்றும் ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, மாதம் தவறாமல் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு எனப்படும் ஈவுத்தொகை வழங்கி வந்தவை. 2020-ஆம் ஆண்டிலே எக்ஸ்டெண்டிகேர் பங்கொன்றுக்கு மாதம் 4 செண்ட் கொடுத்தது. ஆயிரம் பங்கு வைத்திருந்தவர் கைக்கு ஆண்டுக்கு 480 டாலர் வந்தது. சியன்னா கொடுத்தது மாதம் 7.8 செண்ட், ஆயிரம் பங்குக்கு ஆண்டுக் கணக்கில் 936 டாலர்.

இந்தப் பங்குகளை வாங்குவோர் கோடீசுவரர்கள் மட்டுமல்லர். ஓய்வு பெற்ற ஆசிரியர் வாங்குகிறார். பேருந்து ஓட்டியவர் வாங்குகிறார். சேர்த்து வைத்த சிறு தொகையை வங்கியிலே போட்டால் வட்டி போதவில்லை. மாதா மாதம் ஏதோ வந்தால் வாடகைக்கோ மருந்துக்கோ உதவும் என்பது அவர்கள் எண்ணம். தரகர்கள் சொல்லும் காரணமும் கேட்கச் சரியாகவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946 தொடங்கிய இருபது ஆண்டுகளிலே அந்நாட்டில் பிறந்த பெருங்கூட்டம் இப்போது முதுமையிலே நுழைந்துவிட்டது. இல்லங்களிலே இடத்துக்குக் காத்திருக்கும் வரிசை நீளுகிறது. ஆகவே ஈவுத்தொகைக்குக் குறைவு வராது என்கிறார்கள்.

வாங்குகிறவரை நாம் குறை கூறவில்லை. உழைத்தவன் தன் முதுமைக்கு வழி தேடுவது குற்றமல்ல. ஆனால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அகப்பையிலே மாதந்தோறும் வந்து விழுகிறதே, சட்டியிலே அது எப்படிச் சேர்ந்தது? இந்த ஒரு கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம். தரகர் தரும் வண்ணத் தாளிலே இதற்கு விடை இல்லை.

சட்டியைத் திறந்து பார்ப்போம்

ஒன்டாரியோவிலே முதியோருக்கு இரண்டு வகை இல்லங்கள் உண்டு. ஒன்று, வசதி படைத்தவர் தம் சொந்தப் பணத்தைக் கட்டித் தங்கும் ஓய்வு இல்லம். மற்றொன்று, எழுந்து நடமாட முடியாதவர்களும் நினைவு தடுமாறியவர்களும் இரவு பகலாகப் பராமரிக்கப்படும் நெடுநாள் பராமரிப்பு இல்லம். இந்த இரண்டாவது வகைக்கு மாகாண அரசு மக்களின் வரிப்பணத்திலிருந்து நிதி தருகிறது. அங்கே தங்குகிற முதியவரும் மாதம் சுமார் 2,000 டாலர் தம் பங்காகக் கட்டுகிறார். அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பதும் அரசுதான். நிறுவனம் நினைத்தபடி ஏற்றிவிட முடியாது.

அரசு தரும் நிதியும் மொத்தமாகக் கையிலே கொட்டப்படுவதில்லை. தனித்தனி உறைகளிலே போடுவதுபோலப் பிரித்துத் தரப்படுகிறது. செவிலியருக்கும் உடல் பராமரிப்புக்கும் ஓர் உறை. பொழுதுபோக்கு, உடற்பயிற்சி முதலியவற்றுக்கு ஓர் உறை. உணவுப் பொருளுக்கு ஓர் உறை. இந்த மூன்றிலே மிஞ்சும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இலாபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல ஏற்பாடுதான்; அதை நாம் மறுக்கவில்லை. நான்காவது உறை, தங்குமிடச் செலவுக்கு உரியது. கட்டடப் பராமரிப்பு, துப்புரவு, சலவை, சமையல்கூடத்து ஆட்கள், நிர்வாகம் எல்லாம் இதிலே அடக்கம். இந்த உறையிலே மிஞ்சுவது நிறுவனத்துக்குச் சொந்தம். தனியறை கேட்பவர் கூடுதலாகக் கட்டுகிற பணத்திலும் நிறுவனத்துக்கு வருவாய் உண்டு.

ஆக, வரவை ஏற்ற முடியாது. செலவைக் குறைக்கத்தான் முடியும். எங்கே குறைப்பது? கூட்டிப் பெருக்குகிறவரின் வேலை நேரத்திலே குறைக்கலாம். சலவைக்காரரின் கூலியிலே குறைக்கலாம். நான்கு பேரை ஓர் அறையிலே படுக்க வைத்த பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டாமல், இன்னும் ஓர் ஆண்டு ஓடட்டும், இன்னும் ஓர் ஆண்டு ஓடட்டும் என்று தள்ளிப் போடலாம். ஒவ்வொன்றும் சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் ஈவுத்தொகை மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டுமென்றால், மற்றவையெல்லாம் அதற்காக அசைந்து கொடுத்தாக வேண்டும். கூலி அசைய வேண்டும். கட்டடம் அசைய வேண்டும். கட்டிலிலே கிடப்பவருக்குக் கிடைக்கும் கவனிப்பு அசைய வேண்டும். அதுதான் இந்த வாணிபத்தின் உள்கணக்கு.

2020 காட்டிய கண்ணாடி

2020-ஆம் ஆண்டு கொரோனா வந்தது. உள்கணக்கு வெளியே தெரிந்தது.

அந்த ஆண்டு மே மாதம் வரை கனடாவில் கொரோனாவுக்குப் பலியானோரில் 81 விழுக்காட்டினர் நெடுநாள் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள் என்று கனடாவின் சுகாதாரத் தகவல் நிறுவனம் கணக்கிட்டது. வளர்ந்த நாடுகளின் சராசரியோ 38 விழுக்காடுதான். ஒன்டாரியோவிலே நிலைமை கைமீறிப் போகவே, இராணுவம் இல்லங்களுக்குள் அனுப்பப்பட்டது. போரிடப் போன இராணுவம் அல்ல. முதியவர்களுக்குச் சோறு ஊட்டவும் உடல் துடைக்கவும் போன இராணுவம்!

சென்ற ஐந்து இல்லங்களில் தாங்கள் கண்டதை இராணுவத்தினர் எழுதி வைத்தார்கள். அந்த அறிக்கை 2020 மே 26-இல் வெளியாயிற்று. கரப்பான்பூச்சி மலிந்த அறைகள், உதவி கேட்டுக் கூவியும் நெடுநேரம் எவரும் வராத கட்டில்கள், மாற்றப்படாத அழுக்குத் துணிகள் என்று பட்டியல் நீண்டது. ஐந்தில் நான்கு, இலாபத்துக்காக நடத்தப்பட்டவை. அவற்றில் ஒன்று, ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோவிலே சியன்னா நிறுவனம் நடத்திய ஆல்டமாண்ட் இல்லம். ஐந்தாவது இலாப நோக்கம் இல்லாதது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இலாபம் இல்லாத இடமெல்லாம் சொர்க்கம் என்று நாம் வாதிடவில்லை.

வாதத்தை ஆய்வாளர்களிடமே விட்டுவிடுவோம். கனடாவின் மருத்துவச் சங்க இதழிலே 2020-இல் வந்த ஓர் ஆய்வு, ஒன்டாரியோவின் 623 இல்லங்களையும் எடுத்துக்கொண்டு பார்த்தது. அவற்றில் 360 இல்லங்கள் இலாபத்துக்கு நடப்பவை. தொற்று உள்ளே நுழைவதற்கு இன்ன இல்லம் என்ற வேறுபாடு இருக்கவில்லை. நுழைந்த பிறகு பரவியதிலும், பலி கொண்டதிலும் இலாப இல்லங்களின் பங்கு அதிகமாக இருந்தது. ஏன் என்று மேலும் துருவியபோது இரண்டு காரணங்கள் தென்பட்டன: பழைய காலத்து அளவுகளின்படி கட்டப்பட்ட கட்டடங்கள், சங்கிலித்தொடர் நிறுவனங்களின் உடைமை. எந்தக் கட்டடம் தள்ளிப்போடப்பட்டதோ, அந்தக் கட்டடம்!

பராமரிப்பு ஊழியர்களைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலும் பெண்கள், பிற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏராளம், நம் தமிழ்ப் பெண்களும் அவர்களிடையே உண்டு. ஓர் இல்லத்திலே முழுநேர வேலை கிடைக்காததால் காலையிலே ஓர் இல்லம், மாலையிலே மற்றோர் இல்லம் என்று ஓடியவர்கள் அவர்களில் பலர். தொற்று அவர்களோடு சேர்ந்து பயணம் செய்தது. 2020 ஏப்ரலில், ஒருவர் ஓர் இல்லத்திலேதான் வேலை செய்யலாம் என்று மாகாண அரசு உத்தரவு போட வேண்டியதாயிற்று. முழுநேர வேலை கொடுக்காமல் மிச்சப்படுத்திய பணம் எவ்வளவு, அதற்குக் கொடுத்த விலை எவ்வளவு!

மாகாணம் அமைத்த விசாரணை ஆணையம், நீதிபதி மரோக்கோ தலைமையிலே, 2021 ஏப்ரல் 30-இல் அறிக்கை தந்தது. இல்லங்களில் இருந்த ஏறத்தாழ 4,000 முதியோரும் 11 ஊழியர்களும் மாண்டதை அது பதிவு செய்தது.

அந்த ஆண்டிலே ஈவுத்தொகை என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, தோழர்களே! எக்ஸ்டெண்டிகேரின் 4 செண்ட் மாதந்தோறும் போயிற்று. சியன்னாவின் 7.8 செண்ட் மாதந்தோறும் போயிற்று. சார்ட்வெல்லும் நிறுத்தவில்லை. இந்த மூன்று நிறுவனங்களும் அதற்கு முந்திய பத்தாண்டுகளிலே பங்குதாரர்களுக்கு வழங்கிய தொகை 150 கோடி டாலருக்கும் மேல் என்று டொரண்டோ ஸ்டார் நாளேடு 2020 மே மாதம் கணக்கிட்டுக் காட்டியது. மரண ஓலம் கேட்ட மாதத்திலும் மாறாமல் வந்தது பணம். இதைத்தான் தரகர்கள் தங்கள் மொழியிலே 'உறுதியான வருமானம்' என்கிறார்கள்.

உறுதி எவ்வளவு உறுதி?

அறம் கிடக்கட்டும், எனக்கு வேண்டியது மாதாந்திர வருமானம் என்று ஒருவர் சொல்லலாம். அவருக்கும் நாம் கணக்கிலேயே பதில் சொல்வோம்.

அதே எக்ஸ்டெண்டிகேர் 2013-க்கு முன்னால் மாதம் 7 செண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. 2013-இல் அது 4 செண்டாக வெட்டப்பட்டது. ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கு 840 டாலர் வந்த இடத்தில் 480 டாலர். பிறகு 2025 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு செண்ட் ஏறவில்லை, ஏறியபோதும் 4.2 செண்ட் ஆயிற்று. அப்போது அந்நிறுவனத்துக்கு அமெரிக்காவிலும் இல்லங்கள் இருந்தன. தரக்குறைவான பராமரிப்புக்கு அரசிடம் பணம் வாங்கியதாக அந்த அமெரிக்கக் கிளையின்மீது குற்றச்சாட்டு எழுந்தது. குற்றத்தை மறுத்துக்கொண்டே 2014-இல் 3 கோடியே 80 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2015-இல் அமெரிக்கத் தொழிலையே விற்றுவிட்டு வெளியேறியது. முதியவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற புகார், கடைசியிலே பங்குதாரரின் பணத்துக்கும்தான் வந்து நின்றது.

இங்கிலாந்திலே நடந்ததைப் பாருங்கள். சதர்ன் கிராஸ் என்ற நிறுவனம் சுமார் 750 இல்லங்களையும் 31,000 முதியோரையும் வைத்திருந்தது. பிளாக்ஸ்டோன் என்ற பண நிறுவனம் 2004-இல் அதை வாங்கியது; 2006-இல் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றது. இல்லங்களின் கட்டடங்கள் வேறு கைகளில். நடத்துகிறவர் வாடகைக்குக் குடியிருப்பவர். வாடகையோ ஏறலாம், இறங்கக் கூடாது என்ற ஒப்பந்தம்! உள்ளாட்சி மன்றங்கள் முதியோருக்காகக் கொடுக்கும் தொகை சுருங்கியபோது, வாடகை சுருங்க மறுத்தது. 2011 ஜூனில் மூவாயிரம் வேலைகளை வெட்டுவதாக நிறுவனம் அறிவித்தது, அதுவும் போதவில்லை, ஜூலையிலே கடையைக் கட்டுவதாக அறிவித்தது. முப்பத்தோராயிரம் கிழவர் கிழவிகள் நாளைக்கு நம்மை யார் பார்ப்பார்கள் என்று அறியாமல் கட்டிலிலே கிடந்தார்கள். பங்கு வாங்கியவர் கையிலே மிஞ்சியது வெறுந்தாள்.

மருத்துவமனையிலும் இதே நாடகம்தான். அமெரிக்காவிலே ஸ்டீவர்ட் என்ற மருத்துவமனைத் தொடர், பாஸ்டன் நகர்ப்புறத்துக் கத்தோலிக்க மருத்துவமனைகளை வாங்கித் தொடங்கியது. செர்பரஸ் என்ற பண நிறுவனம் அதன் பின்னால் நின்றது. 2016-இல் மருத்துவமனைகளின் நிலத்தையும் கட்டடத்தையும் மெடிக்கல் பிராப்பர்ட்டீஸ் டிரஸ்ட் என்ற நிறுவனத்துக்குச் சுமார் 120 கோடி டாலருக்கு விற்றார்கள். விற்ற கட்டடத்துக்கே வாடகை கட்டலானார்கள். அந்த வாடகைதான் மெடிக்கல் பிராப்பர்ட்டீஸ் பங்குதாரருக்கு ஈவுத்தொகையாகப் போயிற்று. 2024 மே மாதம் ஸ்டீவர்ட் திவாலாயிற்று. அந்த ஆகஸ்டு முடிவதற்குள் மாசசூசெட்ஸ் மாநிலத்திலே கார்னி, நஷோபா வேலி என்ற இரண்டு மருத்துவமனைகள் இழுத்து மூடப்பட்டன. நோயாளிக்கு மருத்துவமனை போயிற்று. ஊழியருக்கு வேலை போயிற்று. பங்குதாரருக்கு? மூன்று மாதத்துக்கு 29 செண்ட் வந்தது 2023-இல் 15 ஆயிற்று; 2024-இல் 8 ஆயிற்று. ஆயிரம் பங்குக்கு ஆண்டுக்கு 1,160 டாலர் எதிர்பார்த்தவர் 320 டாலர் கணக்குக்கு வந்து சேர்ந்தார்.

மரத்தை வெட்டி விறகாக்கி விற்றுவிட்டு, அடுத்த பருவத்துக்குப் பழம் எங்கே என்று கேட்பவனை என்னவென்பது?

நம் பணமும் அங்கே இருக்கிறது

இதெல்லாம் பணம் வைத்திருப்பவன் கவலை, நமக்கென்ன என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம்.

கனடாவிலே ரெவேரா என்று ஒரு பெரிய முதியோர் இல்ல நிறுவனம். அதன் உடைமையாளர் எந்த முதலாளி தெரியுமா? எந்த முதலாளியும் அல்லர். மைய அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் வாரியம்! உழைப்பாளியின் ஓய்வூதியப் பணம், முதியோர் இல்லத்தின் முதலாளியாக உட்கார்ந்திருந்தது. 2020-இலே அந்த ஊழியர்களின் சங்கமே எழுந்து, இலாபத்தின் பெயரால் எங்கள் பணம் இதிலே இருக்கக் கூடாது, ரெவேராவைப் பொதுவுடைமையாக்குங்கள் என்று குரல் கொடுத்தது. ஓய்வூதியம் பெருக வேண்டும் என்று கேட்பவனும் உழைப்பாளி; அதற்காகக் குறைந்த கூலிக்கு ஓடுகிறவளும் உழைப்பாளி; நாளை அந்தக் கட்டிலிலே கிடக்கப் போகிறவனும் அதே உழைப்பாளி. ஒரு கை மற்றொரு கையை வெட்டுகிற இந்த விந்தையை அந்தச் சங்கம் கண்டுகொண்டது. அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. 2023-இல் ரெவேராவின் நெடுநாள் பராமரிப்பு இல்லங்களை நடத்தும் பொறுப்பு எக்ஸ்டெண்டிகேர் கைக்குப் போயிற்று. ஆனாலும் கேட்க வேண்டியதை அவர்கள் கேட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். தொழிலாளர் சேமநல நிதி 2015 ஆகஸ்டு முதல் பங்குச் சந்தைக்குள் நுழைந்திருக்கிறது. புதிதாகச் சேரும் பணத்தில் முதலில் 5 விழுக்காடு, பின்னர் 10, பின்னர் 15 என்று ஏறிற்று. நிஃப்டி, சென்செக்ஸ் ஆகிய குறியீடுகளைப் பின்பற்றும் நிதிகளிலே அது போடப்படுகிறது. சென்னையிலே 1983-இல் முளைத்த அப்பல்லோ மருத்துவமனை நிறுவனம் 2022-இல் நிஃப்டி ஐம்பதிலே சேர்க்கப்பட்டது. ஆக, சம்பளச் சீட்டிலே பிடித்தம் செய்யப்படும் தொகையில் ஒரு துளி மருத்துவமனைப் பங்கிலும் போய்ச் சேருகிறது. பங்குச் சந்தையின் வாசலையே மிதிக்காத தோழனும், அறியாமலே பங்குதாரன்தான்! அந்த நிறுவனத்தின்மீது நாம் எந்தக் குறையும் இங்கே சொல்லவில்லை. பணம் எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு என்பதைத்தான் சொல்லுகிறோம்.

கேட்க வேண்டியவை

முதியோர் இல்லப் பங்கோ மருத்துவமனைப் பங்கோ வாங்க நினைக்கும் உழைப்பாளி, பணத்தைக் கொடுக்கும் முன் சிலவற்றைக் கேட்கட்டும். கட்டடம் நிறுவனத்துக்குச் சொந்தமா, வாடகையா? வாடகை என்றால், வருமானம் இறங்கும்போதும் அது ஏறிக்கொண்டே போகுமா? கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? கையிலே வரும் ரொக்கத்தில் எத்தனை பங்கு ஈவுத்தொகையாகப் போய்விடுகிறது. கட்டடம் புதுப்பிக்க மிஞ்சுவது எவ்வளவு? ஊழியர் நிலைத்து நிற்கிறார்களா, மாதத்துக்கு ஒருவராக ஓடுகிறார்களா? ஒன்டாரியோவிலே ஒவ்வொரு நெடுநாள் பராமரிப்பு இல்லத்தையும் பற்றிய அரசு ஆய்வாளரின் அறிக்கை எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது. தரகரின் தாளைப் படிக்கும் முன் அந்த அறிக்கையைப் படிக்கட்டும். உன் தாயை அங்கே கொண்டுபோய் விடுவாயா என்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். விடமாட்டேன் என்றால், அங்கே பணத்தை விடுவதும் அறிவுடைமை அல்ல. இன்று தாய்க்கு ஆகாதது, நாளை பணத்துக்கும் ஆகாமல் போகிறது. மேலே சொன்ன கதைகள் அதைத்தான் காட்டுகின்றன.

இது தனி ஒருவர் கேட்டுத் தீரும் காரியமும் அல்ல. கட்டடம் கட்டப் பணம் போடுகிறவர் போடட்டும், கட்டடத்துக்கு உரிய பலனைப் பெறட்டும். ஆனால் பராமரிப்பை, பராமரிப்பு ஒன்றையே நோக்கமாகக் கொண்டவர் கையில் விடுங்கள் என்று மரோக்கோ ஆணையம் வழி சொல்லியது. 2021-இல் ஒன்டாரியோ புதுச் சட்டம் இயற்றி, 2025 மார்ச்சுக்குள் முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணி நேர நேரடிக் கவனிப்பு என்று இலக்கு வைத்தது. நான்கு மணி நேரம் என்றால் ஆட்கள். ஆட்கள் என்றால் கூலி. கூலி கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் நேர்மையான ஈவு. கூலியைக் குறைத்து எடுப்பது ஈவு அல்ல, கடன். அந்தக் கடனுக்கு ஒரு நாள் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

நம் சேமநல நிதியின் மத்திய அறங்காவலர் குழுவிலே தொழிலாளர் சார்பில் பத்துப் பேருக்கு இடம் உண்டு. நம் பணம் எத்தனை விழுக்காடு பெருகியது என்று கேட்பதோடு அவர்கள் நின்றுவிடக் கூடாது. எதனால் பெருகியது என்றும் கேட்க வேண்டும். கேட்கும்படி நம் சங்கங்கள் அவர்களைத் தூண்ட வேண்டும். ஆலைவாயிற் கூட்டங்களிலே கூலி பற்றிப் பேசுகிறோம், போனஸ் பற்றிப் பேசுகிறோம். இனி, பிடித்தம் செய்த பணம் எந்தப் பக்கம் உழைக்கிறது என்பதையும் பேசுவோம்.